கீறல்கூட இல்லை

காரை வாங்கும்போது நான் யோசிக்கவே இல்லை.
லாப்புவா சாலையில் ஒரு பண்ணைக் கொட்டகை,
கோழி எச்சத்துக்கு அடியில் நீலக் கொரோலா, முந்நூறு யூரோ.
எங்கள் பந்தயத்தில் எல்லாக் காருக்கும் விதி வைத்த ஒரே விலை.
ஓடி முடித்ததும் அந்த விலைக்கு யார் கேட்டாலும்
சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.
அதனால் எவரும் தன் காரைத் தங்கத்தால் இழைப்பதில்லை.

தலை அப்படியில்லை. அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

மைத்துனர் என்சியோ தன் கவசத்தைச் சும்மாவே தந்தார்,
கறுப்பில் ஆரஞ்சுத் தீநாக்குகள்.
"ஒரே ஒருமுறை சிமெண்டுத் தரையில் விழுந்தது.
பார், கீறல்கூட இல்லை."
கீறல் இல்லாததுதான் எனக்குப் பயம்.
உள்ளே இருக்கும் நுரை நசுங்கினால் நிமிராது.
தலைக்கு வருவதைத் தலைப்பாகையோடு அனுப்ப வேண்டியது
அன்றைக்கே சிமெண்டோடு கணக்கை முடித்துக்கொண்டதோ என்னவோ.
வேண்டாம் என்றேன்.
காபி குடிக்காமல் போய்விட்டார்.
இந்த ஊரில் அது சின்னக் கோபமில்லை.

சனிக்கிழமை, நூலக வண்டிக்கு விடுமுறை.
(ஐந்து நாள் நான் ஓட்டுவது அதைத்தான்,
வளைவுகளில் அலமாரி சரியாத வேகத்தில்.)
செய்னாயொகியில் கடை. ஒட்சோ என்ற பையன்
புருவத்துக்கு மேல் ஒரு விரல் விட்டு
அளவுநாடாவைச் சுற்றினான். ஐம்பத்தெட்டு.
கடைசியாக என் தலையை அளந்தது
பிறந்த ஆஸ்பத்திரியில்தான் இருக்கும்.

"மோட்டார் சைக்கிள் கவசம் பாதி விலைதானே?"
"அது சாலைக்கு. இது கூண்டுக் கம்பிக்கு,
ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இடிக்கும்.
அப்புறம், தீப்பிடித்தால்
அதன் துணி உருகி…"
முடிக்கவில்லை. முத்திரைச் சீட்டில் ஆண்டைத் தேடுவதுபோல்
குனிந்துகொண்டான்.

முதலாவதில் காது மடங்கியது.
இரண்டாவது வழுக்கிக்கொண்டு போய்ச் சுகமாக உட்கார்ந்தது.
"சுகமாக இருந்தால் பெரிசு" என்று பிடுங்கிக்கொண்டான்.
மூன்றாவது போட்டதும் கண்ணாடியில்
கன்னத்தில் கொட்டை அடக்கிய அணில் ஒன்று
என்னை முறைத்தது. தாடையைப் பிடித்து ஆட்டினான்,
தோலும் கூடவே வந்தது. "நல்லது. நடங்கள், இருபது நிமிஷம்."
பதினோராம் நிமிஷம் நெற்றியில் ஆணி அடித்தது.

நான்காவது.
பனிச்சங்கிலிகள், எண்ணெய் டப்பாக்கள், குழந்தை இருக்கைகள்.
ஒரு குழந்தை அழுதது, வாய் மட்டும் திறந்து மூடியது.
என் மூச்சு எனக்கே
பக்கத்து அறையில் யாரோ உறங்குவதுபோல் கேட்டது.
மூலையில் வாடிக்கையாளருக்கென்று வைத்திருந்த காபியை
ஊற்றி உதட்டுக்குக் கொண்டுபோனேன்.
கோப்பை தாடைப்பட்டையில் இடித்து
சட்டையெல்லாம் காபி.
போட்டிருப்பதையே மறந்திருக்கிறேன்!
"இதுதான்" என்றான் ஒட்சோ, துடைக்கக் காகிதம் நீட்டியபடி.

நானூற்று எண்பது.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
எடை ஒன்றரைக் கிலோ. எனக்குத் தலைக்கனம் என்று
இனி என்சியோ தாராளமாகச் சொல்லலாம்.

ஜூனில், சரளைத் தடத்தில், முதல் ஓட்டம்.
பதினோரு காரில் ஒன்பதாவது.
இரண்டாம் வளைவில் பின்னால் வந்தவன் தள்ள,
தலை பக்கக் கம்பியில் ஒருமுறை பட்டது.
டொக்.
பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டும் அளவுதான்.

முடிந்ததும் வாங்குகிறவர்கள் சீட்டுப் போட்டார்கள்.
துரு பிடித்த ஒரு வோல்வோவுக்கு ஏழு சீட்டு.
என் கொரோலாவுக்கு ஒன்றுமில்லை.
பிழைத்தேன் என்று நினைத்தேன்,
கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

கேட்டு வந்தவர் ஒருவர்தான், கையில் பிளாஸ்க்கோடு.
"அதை ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டுமா?"
என்சியோவின் தலை அறுபத்தொன்று,
காதுக்கு மேலேயே நின்றுவிட்டது.
இருவரும் சிரிக்கவில்லை. எனக்குக் காபி ஊற்றினார்.

கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு
இடப்பக்கம் கட்டைவிரலால் மெல்லத் தடவினேன்,
அவர் பார்க்காதபோது.
கீறல்கூட இல்லை.