தெம்பிலா ரொட்டி

ஹட்டூசாவின் களிமண் பலகையில்
ஒரே ஒருமுறை வருகிறது அந்தச் சொல்.
முன்னால் ரொட்டி என்று ஒரு குறி.
வாய்விட்டுப் படிக்கிற குறி இல்லை,
இனம் சொல்ல மட்டும்.
அரசி அதைப் பிட்டு
அடுப்புக்கு இடப்பக்கம் வைக்கிறாள்.
அதற்கப்புறம் பலகை உடைந்திருக்கிறது.
அகராதியில்: ஒருவகை ரொட்டி,
கூடவே ஒரு கேள்விக்குறி.
ஏழு மாதமாய் அந்தக் கேள்விக்குறிக்குத்தான்
எனக்கு உதவித்தொகை.

சிம்மக்கல்லில் அறை.
ராத்திரி பதினொன்றுக்குப் பசித்தால்
ஜெய்லானி பாய் கடை.
கொத்துகிற சத்தம் தைக்கால் தெரு வரை கேட்கும்.
சுவரில் பழைய போர்டு, நீலத்தில் மஞ்சள்:
பரோட்டா, வீச்சு, கொத்து, சிலோன்,
கடைசி வரியில்
தெம்பிலா ரொட்டி 3.50.
மற்ற விலையெல்லாம் எத்தனையோ தடவை
அழித்து எழுதியாயிற்று.
இதை ஒருவரும் தொடவில்லை.

என்ன இது என்று கேட்டேன்.
"போர்டு கடையோட வந்துச்சு" என்றார் பாய்.
"தெம்பு இல்லாதவனுக்குப் போடுறதா இருக்கும்" இது பால்வண்டிக்காரர்.
எதிர் இலைக்காரர் அடித்துச் சொன்னார்,
ரங்கூன் பேச்சு. அவருடைய மாமனார் ரங்கூன்.
"பெயிண்டரு தப்பா எழுதிட்டான்"
தண்ணீர் வைக்கிற பையன்.
எங்கள் அடிக்குறிப்புகளிலும்
இந்த மூன்றுதான் இருக்கும்,
ஜெர்மனில் இருக்கும், அவ்வளவுதான்.

நாளை எவனாவது வீச்சைத் தோண்டி எடுப்பான்,
தேவர்களை நோக்கி எறிந்த ரொட்டி என்பான்.
எறிந்தது என்னவோ நிஜம்.

மாஸ்டர் சோணை மாவிலிருந்து கையை எடுக்காமல்
"வேணுமா வேணாமா, அதச் சொல்லுங்க."

வேணும்.

போர்டை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்.
இரண்டு உருண்டையைச் சேர்த்தார், பிரித்தார்,
மறுபடி சேர்த்தார்.
ஒரு கை சீனி. உடைத்த மிளகு.
ஓரம் மடித்து, வாட்டி,
கல்லின் இடப்பக்கம் ஒதுக்கினார்.
எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.
ஏன் இடப்பக்கம்?
"வலப்பக்கம் ஆம்லெட் கெடக்குல்ல."

மூன்றாயிரம் ஆண்டில்
எங்கள் ஆட்களுக்குத் தோன்றாத காரணம்.

நடுவில் கொஞ்சம் வேகவில்லை. சாப்பிட்டேன்.

கல்லாவில் பாய் போர்டைப் பார்த்து
"மூணர ரூவா" என்றார்.
நாலு ஒரு ரூபாய்கள் கொடுத்தேன்.
டப்பாவைத் துழாவினார்.
ஐம்பது காசு எங்கிருந்து வரும்.
சீட்டில் எழுதி
ஆணியில் குத்தினார்,
மற்ற சீட்டுகளுக்கு மேலே:
தெ 1. பாக்கி 50 பை.