சாய்வுக்கு அறுத்த கதவு

கொட்டகை கிழக்கே சாய்ந்திருந்தது.
எவ்வளவு என்று பார்க்க
மொராக் உத்தரத்திலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டாள்.
பதினோரு அங்குலம்.
"நாம் ரெண்டு பேரும் குடித்தாலும்
இவ்வளவு சாயமாட்டோம்" என்றாள்.

கேப் பிரெட்டனின் இந்த மேட்டில்
கடலிலிருந்து கிளம்பும் காற்றுக்கு
வழியில் நின்று பேச ஆளில்லை.
நேரே எங்கள் பலகைகளுக்குத்தான் வரும்.

ஹாலிஃபாக்ஸிலிருந்து ஒருவர் வந்தார்,
வெள்ளைக் காலணி.
சாம்பல் பூத்த பலகைகளைத் தடவிப் பார்த்தார்,
குதிரை வாங்க வந்தவர் பல்லைப் பார்ப்பதுபோல.
ஏதோ உணவகத்துச் சுவருக்காம்.
அவர் எழுதிக் காட்டிய தொகைக்குப்
புத்தம் புதுத் தகரக் கொட்டகை ஒன்று எழும்பும்,
மிச்சத்தில் இரண்டு சினையாடுகளும் வாங்கலாம்.
கணக்கு சரிதான்.
நான் தலையாட்டுமுன் மொராக்
"இல்லை" என்றுவிட்டாள்.
அன்றிரவு ஏன் என்று கேட்டேன்.
அந்தக் காலணி பிடிக்கவில்லையாம்.

ஜூனில் ஜாக்கி வைத்திருக்க வேண்டும்.
வைக்க வேண்டிய உத்தரத்தில்
தகைவிலான் கூடு, உள்ளே ஐந்து வாய்கள்.
ஆகஸ்ட் வரை
அடிச்சட்டத்தின் அழுகலைக்
கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தோம்.
மாற்றுக்கு ஹெம்லாக் அறுத்துத் தந்தார் ஹெக்டர்.
கூலி முட்டைதான் என்று பேச்சு,
எத்தனை என்று பேசவில்லை,
இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

பிறகு இரும்புக் கயிறு, கைச்சக்கரம்,
நாளுக்குக் கால் அங்குலம்.
அதற்குமேல் இழுத்தால் முளைகள் முறியும்.
நாற்பத்து நான்கு நாள்.
இரவில் அது முனகும்.
மொராக் விளக்கெடுத்துக்கொண்டு போவாள்,
தூணில் கை வைத்தபடி நிற்பாள்.
என் முதுகுவலிக்கு
அவள் ஒருநாளும் எழுந்ததில்லை.

செப்டம்பர் நடுவில்
குண்டின் முனை புள்ளியில் வந்து நின்றது.
கைகுலுக்கிக்கொண்டோம், அந்நியர்போல.
கதவைச் சாத்தப் போனேன்.
சாத்தவில்லை.

கீழே பொருந்துகிறது,
மேலே என் கை முழுசாய் நுழைகிறது.
விளிம்பைத் தடவினேன்,
மூன்று ரம்பங்களின் தடம்,
மூன்று காலத்தில் மூன்று பேர்.
கட்டடம் சாயச் சாயக்
கதவை அறுத்திருக்கிறார்கள்.
வைக்கோல் நனையும், பசு ஈனும்,
இருட்டுமுன் கதவு மூட வேண்டும்.
வேறென்ன செய்வார்கள்?
நானும் அதைத்தான் செய்திருப்பேன்.
போன குளிர்காலம்
ரம்பத்தைத் தேடிக்கூடப் பார்த்தேன்.
மொராக்கிடம் இதைச் சொல்லவில்லை.

மிஞ்சிய ஹெம்லாக்கில்
மேலே அகன்று கீழே ஊசியாய்
ஓர் ஆப்பு சீவி விளிம்பில் அறைந்தேன்.
சாம்பல் கதவில் வெளுத்த ஒரு கோடு,
சாலையிலிருந்து பார்த்தாலே தெரிகிறது.
"பெயின்ட் அடிக்கட்டுமா?"
"எதற்கு" என்றாள்.

முதல் பனிக்கு முந்தின நாள்
ஆடுகள் வந்தன. மூன்று, கடனுக்கு.
முதலாவது வாசலில் நின்றது,
அந்த வெள்ளை மரத்தை முகர்ந்தது,
ஒரு மூலையைக் கடித்தும் பார்த்தது.
அப்புறம் உள்ளே போனது.