மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

காப்பிச் சாக்கில் சுற்றி
ஏற்காடு பஸ்ஸில் மடிமேல் கிடத்திக் கொண்டுவந்தாள்
பெலிசிட்டா, எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுபவள்.
"திருகினா கரகரங்குது.
சும்மா வெச்சாலும் உறுமுது.
இருபது வளைவும் இறக்கிக் கொண்டாந்திருக்கேன்,
ஆகாதுன்னு சொல்லிடாதீங்க."

ஆகாது என்று சொல்கிற ஆள் இல்லை நான்.
ஆகும் என்றும் சொல்வதில்லை.
செவ்வாய்ப்பேட்டையில் என் கடைக்கு இடமும் வலமும்
கொலுசுப் பட்டறைகள்.
பதினேழு வயதுவரை நானும் அங்கே
வளையத்துக்கு வளையம் வெள்ளியைப் பற்றவைத்தவன்.
பிறகு மிக்ஸி, மைக்செட், ஆம்ப்ளிஃபயர்.
நெருப்பு சிறிதானது, அவ்வளவுதான்.

ஆறு திருகாணி. பின்தட்டு திறந்தது.
மலைப்பனி ஐம்பது வருடம்
வந்து வந்து உட்கார்ந்துபோன ஈரவாடை.
செம்பில் பச்சை.
சிகரெட் பெட்டியின் ஜிகினாத்தாளை
உள்சுவரெங்கும் யாரோ பொறுமையாக ஒட்டியிருந்தார்கள்,
வெளி இரைச்சல் நுழையாதிருக்க.
கொசுவலை மாதிரி என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

உறுமலுக்குக் காரணம் எளிது.
தந்திகள் போய்ச் சேரும் பாலத்திலிருந்து
எர்த்துக்கு வரவேண்டிய ஒற்றை ஒயர்
பற்றுவிட்டு அந்தரத்தில் நின்றது.
தந்தியைத் தொட்டால் அடங்கவேண்டிய இரைச்சல்
அவள் விரலை மதிக்காமல் இருந்தது அதனால்தான்.
ஒரு சொட்டு ஈயம்.
பளபளவென்று உறைந்தால் பற்று,
மங்கினால் பொய்.
இரண்டாம் முறை பளபளத்தது.

கரகரப்புக்குத்தான் நேரம் பிடித்தது.
வால்யூம் கன்ட்ரோலின் நான்கு தகரக் காதுகளை நிமிர்த்தி
மூடியைக் கழற்றினேன்.
குதிரை லாடம்போல் கரித்தடம்.
மூன்று வரைக்கும் லேசான கீறல்.
நான்கிலிருந்து பத்து வரை
கடையில் வாங்கிய அன்றைய கறுப்பு.
நடுவில் ஒரு நகக்கண் அகலம்,
கரி முழுக்கப் போய்ப் பழுப்பு அட்டை தெரிந்தது.

"எப்பவும் மூணரையிலதான் வைப்பீங்களா?"
"நானா? எனக்குப் பத்து.
பதினொண்ணு இருந்தா அதுவும்."
வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லையாம்.
ஏதோ பங்களா சாமான் ஏலத்தில்
மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கும் மடக்குக் கட்டிலுக்கும் அடுத்து
இது.

இருவரும் குனிந்து அந்த நகக்கண்ணைப் பார்த்தோம்.
பக்கத்தில் தொட்டில் இருந்திருக்கலாம்.
சுவருக்கு அந்தப்புறம் காய்ச்சல்காரர்.
வெட்கம் என்றாள் அவள்.
அந்த வீட்டு ஸ்பீக்கர்
அதற்குமேல் தாங்கியிருக்காது.
எனக்குத் தோன்றியது இதுதான், சொல்லவில்லை.

ஸ்ப்ரே அடித்தால் ஒரு மாதம் வாயை மூடும்.
போன கரி திரும்பாது.
புதிய கன்ட்ரோல், ஐந்நூறு கே,
தண்டை அரை அங்குலம் அறுத்துப் பொருத்தினேன்.
டோன் கெபாசிட்டரை அளந்தேன், சரியாக இருந்தது,
விட்டுவிட்டேன்.

சொருகிப் பார்க்கும்போது கரண்ட் போனது.
அவள் காத்திருக்கவில்லை.
கிதாரின் கொம்பில் தாடையை அழுத்திக்கொண்டு
கண்ணை மூடி வாசிக்கத் தொடங்கினாள்.
எனக்குக் கேட்டது கொசு அளவு.
அவள் எலும்புக்குள்
முழுதாக ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்,
பாதத்தால் தரையைத் தட்டினாள்.

இருபது நிமிடம் கழித்து
ஒரு தந்தியை இழுத்துவிட்ட நடுவில்
கரண்ட் வந்தது.
குமிழ் பத்தில் இருந்ததை
இருவரும் மறந்திருந்தோம்.

தெரு எகிறியது.
இடப்பக்கப் பட்டறையிலிருந்து அங்கமுத்து
சாமணமும் கையுமாக ஓடிவந்தார்:
"எட்டு முத்து கொட்டிப்போச்சுய்யா!"
கரகரப்பு இல்லை. உறுமல் இல்லை.
பெலிசிட்டா குறைக்கவும் இல்லை.
மன்னிப்பு மட்டும் கேட்டாள், கத்தி.

சாமான் தொண்ணூறு, கூலி முந்நூறு.
கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள்.

பழைய கன்ட்ரோலை அவள் கேட்கவில்லை,
நானும் எடுத்துத் தரவில்லை.
அடுத்த மிக்ஸியைத் திறப்பதற்கு முன்
மூடியைத் திரும்ப மாட்டி
சும்மா திருகிப் பார்த்தேன்.
எல்லா இடத்திலும் கொஞ்சம் முரண்டு பிடித்தது.
அங்கே மட்டும் வழுக்கிக்கொண்டு போய்
நின்றது.