பெட்டி போடுதல்

பரந்தன் சந்தியில் பசளைக் கடைக்கு மேல்மாடி.
பன்னிரண்டு கணினி, ஒரு குளிரூட்டி.
படம் ஒன்றுக்கு இரண்டு ரூபாய் எழுபது சதம்.

செய்மதி எடுத்த ஊர். பெயர் தரமாட்டார்கள்.
கூரை ஒவ்வொன்றையும் சுற்றிப் பெட்டி போடவேண்டும்:
பச்சை என்றால் நிற்கிறது,
மஞ்சள் பாதி,
சிவப்பு, இல்லை.
இயந்திரம் எங்களைப் பார்த்துப் படிக்குமாம்.

வினோசா வேகம். மணிக்கு நூற்றைம்பது முடிப்பாள்.
நான் நேற்று ஒரே படத்தில் இருபது நிமிடம் நின்றேன்.
கீழே லொறி ஒன்று பின்னுக்கு எடுத்துக்கொண்டே இருந்தது.

இடிந்த சுவரில் சாய்த்துக் கட்டிய
நீலத் தறப்பாள்.
பக்கத்தில் கோடாக ஏதோ, புள்ளி புள்ளியாய்.
பெருப்பித்துப் பார்த்தேன். கொடி. கொடியில் துணி.

வலைஞர்மடத்தில் நாங்களும் காயப்போட்டோம்
ஒரு ஷெல்லுக்கும் அடுத்ததுக்கும் இடையில்.
என்ன நடந்தாலும் உடுப்புக் காயத்தானே வேணும்.
அப்போதும் மேலிருந்து யாரோ எடுத்திருப்பார்கள்.
அந்தப் படத்துக்குப் பெட்டி போட்டது ஆர்,
என்ன நிறம்?

சிவப்புப் போட்டால் ஆளில்லை என்றாகும்.
பச்சை பொய்.
மஞ்சள் போட்டேன்.

பின்னேரம் திரும்பி வந்தது:
பிழை. கட்டடத்தை மட்டும் பார்க்கவும்.
டிலக்சன் மேசையடிக்கு வந்து மெல்லச் சொன்னான்,
"அக்கா, தறப்பாளுக்கு நிறம் இல்லை."
அவனுக்கு அந்த வருடம் மூன்று வயது.

சிவப்பாக்கினேன்.
கோட்டை மட்டும் ஒரு மயிரிழை உள்ளே இழுத்து
கொடியை வெளியில் விட்டேன்.