நான்காம் நிமிடம், பதினோராம் நொடி

என்ஜினைத் திறந்து காட்டப் போனேன்.
வேண்டாம் என்று கையசைத்தார் வால்டெமார்.
ஓடிய கிலோமீட்டர், டயரின் தேய்மானம்,
முன்பு வைத்திருந்தவர் பல் மருத்துவர், புகைபிடிக்காதவர்:
எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.
காதை வேறொன்றுக்காக வைத்திருந்தார்.

மொந்தேவிதேயோவில் பிப்ரவரிப் பகல்.
முப்பத்தியொரு கார்கள் முதுகு காய நிற்கின்றன.
அவர் அக்குளில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே.
சீட்டில் சிந்திவிடுவாரோ என்று
என் பாதி உயிர் அந்தச் சுரைக்குடுக்கையில் தளும்பியது.
பின்சீட்டில் அவர் மனைவி நிவேயா,
செருப்பைக் கழற்றிவிட்டு, வாங்கியாகிவிட்டது போல.

கதவைச் சாத்தச் சொன்னார். கண்ணாடியை ஏற்றச் சொன்னார்.
ஏசியையும் அணைக்கச் சொன்னார்.
ஊதுகிற காற்றும் ஒரு வாத்தியமாம்.

"கம்பெனியே பொருத்தியது," என்றேன், "எட்டு ஸ்பீக்கர்."
அவர் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்து
கண்ணாடியோரத்து வலைமூடியை நகத்தால் தட்டினார்.
"இதற்குள் ஒன்றுமில்லை. அந்தப் பக்கமும்."
ஆறுதான்.
பதினோரு வருடமாக விற்கிறேன், எட்டு எட்டு என்று.

சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவ்.
இஸ்லா தே ஃப்ளோரெஸ் தெருவில் போன வருட ஊர்வலம்,
அறுபது மேளங்கள்,
யாரோ ஓரமாக மைக் வைத்துப் பதிந்தது.

முதலில் வந்தது பியானோ.
பெயரில் ஏமாறாதீர்கள், அதுவும் மேளம்தான்,
இருப்பதிலேயே தடித்த குரல்.
கதவின் பிளாஸ்டிக் நடுங்கியது.
தொங்கிய விலைச்சீட்டு ஒரு ஆட்டம் போட்டது.
பெருமையோடு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"தொப்பை போட்ட சத்தம்," என்றார்.
"பக்கத்து இலைச் சோற்றையும் இதுவே தின்கிறது."
பாஸை மூன்று குறைத்தார்.
ரெபிகேவுக்கு மூக்கடைப்பு என்றார்.
ட்ரெபிளை ஒன்று கூட்டினார்.
"இப்போது தும்முகிறது."

பிறகுதான் சொன்னார், தான் வாசிப்பது சிகோ என்று.
கூட்டத்திலேயே சின்ன மேளம்.
ஒரு மௌனம், மூன்று அடி.
ஒரு மௌனம், மூன்று அடி.
இரண்டு மணிநேரமும் அதேதான்.
"வலப்பக்கம், மூன்றாம் வரிசை, அங்கே இருக்கிறேன்.
நான்காம் நிமிடம், பதினோராம் நொடியில்
ஒரு அடியை விட்டேன்.
நல்ல செட்டென்றால் அந்த ஓட்டை கேட்கும்.
சகலை காரில் கேட்டது.
எங்கள் சமையலறை ரேடியோவில் கூட, லேசாக."

நான்கு ஏழு.
நான்கு எட்டு.
மாத்தேயை உறிஞ்சாமல் வாயருகே பிடித்திருந்தார்.
நான்கு பன்னிரண்டு.
பியானோ உருண்டு போய்க்கொண்டிருந்தது,
தேர்தலுக்கு முந்தின வாரத்துத் தார்ச்சாலை போல,
ஒரு குழியும் இல்லாமல்.

மறுபடி. மறுபடி.
தலையைக் கதவோரம் சாய்த்து, கண்ணை மூடி.
விலையில் எவ்வளவு இறங்கலாம் என்று
நான் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன்.
அவர் முகத்திலோ
கடன் தள்ளுபடி ஆனவரின் களை.
"இந்தக் காரில்," என்றார் மெல்ல,
"நான் விடவே இல்லை."

"எனக்குக் கேட்டது."
பின்சீட்டிலிருந்து நிவேயா.
"நன்றாகவே கேட்டது. தோள்வார் நழுவிவிட்டது என்பார்.
வாராவது, நழுவுவதாவது. நிமிர்ந்து பார்த்தார்.
மேலே ஒரு பால்கனி.
அதில் நின்றது நானில்லை."

ஏசி இல்லாத காருக்குள் சற்று நேரம்
அறுபது பேர் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு வால்டெமார் திரையைத் தொட்டார்.
ஒரு காரின் படம், நடுவில் ஒரு புள்ளி,
சத்தம் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்கிற புள்ளி.
அதை ஒற்றை விரலால் முன்னுக்கு,
இன்னும் முன்னுக்கு,
கண்ணாடியை உடைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கிவிடும்
என்கிற அளவுக்குத் தள்ளினார்.

"இப்போது சரி," என்றார்.
"கையெழுத்து எங்கே?"