நான்காம் கேள்வி

இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா
என்று கேட்கிறது படிவம்.
சின்னப்பாலத்தில் மாடி ஏது?
கித்தேரி சிரித்தாள்:
"லைட்ஹவுசுல ஏறிப் பாத்துட்டு வந்து சொல்லவா?"

முப்பத்துநாலு வயது.
மூன்றாவது பிள்ளை பிறந்த நாற்பதாம் நாள்
கால் வீங்கியது, பிறகு இதயம்.
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் எக்கோ எடுத்து
இருபத்தெட்டு சதவீதம் என்று எழுதித் தந்தார்கள்.
சில தாய்மாருக்கு மட்டும் இது ஏன் வருகிறதென்று
முழுசாய் யாருக்கும் பிடிபடவில்லை.
அதனால்தான் மாதாமாதம்
ரத்தக் குப்பிகளுக்கு ஐஸ்பெட்டி தூக்கிக்கொண்டு
பாம்பன் பஸ்ஸில் வருகிறேன்.
மீன் வாங்கப் போகிறேன் என்று நினைத்து
லக்கேஜ் கேட்கிறார் கண்டக்டர்.

வழக்கமான மாத்திரைகளோடு கூடுதலாக
ஒரு வெள்ளை டப்பா, எண் நூற்றுப்பதினேழு.
உள்ளே மருந்தா, வெறும் மாவா?
எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.
சொல்லித்தான் கையெழுத்து வாங்கினேன்.
"மாவுன்னா வீட்டுலயே கெடக்கே" என்றபடி
பேனாவைப் பிடித்தாள்.

உப்பைக் குறையுங்கள் என்ற துண்டறிக்கையை
கருவாடு காயும் வாசலில் நின்று படித்தேன்.
பாதியிலேயே என் குரல் இறங்கிவிட்டது.

எடை மெஷினும் கொடுத்திருந்தோம்.
மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால்
அது சதையல்ல, நீர்.
நோட்டில் ஐம்பத்திரண்டு, ஐம்பத்திரண்டு,
ஐம்பத்திரண்டரை,
அடுத்து ஒன்பதே முக்கால்.
"அது நண்டு" என்றான் ராயப்பு.
"யாவாரி தராசு ஏமாத்துது, அக்கா."

நான்காம் கேள்விக்கு அவளே பதில் சொன்னாள்.
"பாசிக்கு முங்குனா எம்பது எண்ணுவேன்.
மரிக்கொழுந்து கை நெறைய வந்துரும்.
இப்ப பதினொண்ணு."
முங்கவே கூடாதென்றிருந்தார் டாக்டர்.
திட்டினேன்.
திட்டிவிட்டு, படிவத்தின் ஓரத்தில்
பென்சிலால் எழுதினேன்: பதினொன்று.

ஐப்பசியில் பத்தொன்பது.
தையில் முப்பத்திரண்டு,
அதுவும் குளிர்ந்த தண்ணீரில்.

மாசியில் தெற்குவாடி நம்புராசன் போனார்.
எண் நூற்றிருபத்தொன்று.
அவர் டப்பாவில் பத்தொன்பது மாத்திரை மிச்சம்.
எண்ணி எழுதினேன்.
அதற்குக் கட்டம் இருந்தது.

யாருக்கு மாவு என்று ஊகிக்கக் கூடாது.
ராத்திரிகளில் ஊகித்தேன்.

சென்னையிலிருந்து வந்த மேற்பார்வையாளர்
ஓரத்தைத் தொட்டுக் காட்டினார்.
"இது தரவு இல்லையேம்மா."
அழித்தேன்.
பென்சில் அழுந்திய பள்ளம்
வெளிச்சத்தில் சாய்த்தால் தெரிகிறது.

திரும்புகையில் பஸ் பாலத்தில் ஏறியது.
மூக்கைப் பொத்திக்கொண்டு எண்ணினேன்.
இருபத்தாறில் வாய் திறந்துவிட்டது.
கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.