ஏழாவது கேள்வி

படிவம் ஒன்றுக்கு முப்பத்தைந்து ரூபாய்.
காசிமேட்டில் இருநூறு படிவம் என் பங்கு.
முதல் ஆறு கேள்விகள் சுலபம்:
பெயர், வயது, படகின் நீளம், எஞ்சின் குதிரைத்திறன்,
கடன் உண்டா, உண்டு,
எவ்வளவு, ஒரு சிரிப்பு.

ஏழாவதில்தான் எல்லாரும் உட்கார்ந்துவிடுகிறார்கள்.
மீன்பிடித் தடைக்காலத்தை மாற்றலாம் என்றால்
எந்த மாதங்களுக்கு மாற்றலாம்?

தடை தொடங்கிப் பதினோராம் நாள்.
விசைப்படகுகள் தோளோடு தோள் இடித்து
வெயிலில் நிற்கின்றன.
ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியே
துறைமுகத்தைக் கடந்துவிடலாம்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
கடந்தேன்.

ஐப்பசி, கார்த்திகை என்றார் தேசிங்கு. மூன்று படகு.
விரலிடுக்கில் பச்சைப் பெயிண்ட்.
"எப்படியும் புயலு வந்து குந்த வெச்சிடுது.
அதையே தடைன்னு எழுதிக்க.
ஒரே கல்லுல ரெண்டு மாங்கா கேக்கல நாங்க.
ஒரே தலையில ரெண்டு கல்லு வேணாம்ன்றோம்."

பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த எத்திராஜுலு
ஊசியை நிறுத்தவில்லை.
"ஐப்பசியா? நல்லா இருக்கே.
வைகாசியில பொண்ணுக்கு முகூர்த்தம் வெச்சிக்கினு கீறேன்.
தடைன்னாதான் சொந்தக்காரன் அத்தினி பேரும் கரையில இருப்பான்.
அப்பிடியே மார்கழிக்கு இழுத்து வுட்டா
எவன் வந்து தாலி கட்டுவான்?"
'தற்போதுள்ளபடியே' என்றொரு கட்டம் இருந்தது.
அதில் டிக் போட்டேன்.

லூர்துராஜின் பைபர் படகுக்குத் தடை கிடையாது.
"அறுபத்தோரு நாளு பத்தாது, நூறாக்கச் சொல்லு.
பெரிய போட்டு நின்னாதான் என் கூடைக்கு வெலை."
சொல்லிவிட்டு நாலு பக்கமும் பார்த்தான்.
"பேரு போடாத."
பெயர்தான் முதல் கேள்வி.
இங்கேயும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

பாரதீப் பக்கத்துப் பையன் ஒருவன்
கேள்வியை இரண்டு முறை கேட்டுவிட்டு
ரயிலில் டிக்கெட் கிடைக்கிற மாதம் என்றான்.
அது எந்த மாதம் என்றேன்.
அவனுக்கும் தெரியவில்லை.

ஏலக்கூடத்தின் நிழலில் துலுக்காணம்.
கட்டையும் கத்தியும் கழுவி வைத்திருந்தது.
மீன் கொஞ்சம்தான்.
"என்னைக் கேக்கமாட்டியா?"
உரிமையாளர், ஓட்டுநர், கூலி
என்று மூன்றே வகை என் படிவத்தில்.
வெட்டுகிறவளுக்கு வகையில்லை.
கேட்டேன்.

"எல்லா மீனும் ஒரே மாசத்துல வயிறு தள்ளுதா இன்னா?
சங்கராவுக்கு ஒரு காலம்,
கெழங்கானுக்கு ஒரு காலம்.
கீறும்போது கத்திக்குத் தெரியும்.
போன தையில ஒரு வஞ்சரம், ஏழு கிலோ,
சினை ரெண்டும் ஒரு சாண் இருந்திச்சு.
அன்னிக்கு எந்தத் தடை இருந்திச்சு?
நீ மாசத்த எழுதிக்கினு போற.
அத அது படிக்குமா?"

ஓரத்தில் எழுதினேன், பொடி எழுத்தில்.
இடம் போதாமல் பின்பக்கமும்.

ராயபுரம் அலுவலகத்தில் மேற்பார்வையாளர்
நுனிவிரலால் புரட்டினார்.
"ஓரத்துல எழுதுனது சிஸ்டத்துல ஏறாதுங்க.
கட்டத்துக்குள்ள இருக்கறது மட்டும்தான்."
இருநூறுக்கும் பணம் வந்தது,
துலுக்காணத்தின் படிவம் நீங்கலாக.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளிடமே போனேன்.
நவரை, அரைக் கிலோ, பைபர் படகு மீன்,
வழக்கமான விலையைப்போல் ஒன்றரை மடங்கு.
மூன்றாவது மீனைக் கீறியவள்
கத்தியை அப்படியே வைத்துக்கொண்டு
நிமிர்ந்து பார்த்தாள்.
"சினை கீது. தூக்கிப் போட்டுடவா?"

எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.
என்னிடம் கொஞ்சம் மெதுவாகக் கேட்டாள்.

"வேணாம்," என்றேன், "குடுங்க."

மிளகாய்த்தூள், உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள்.
எண்ணெயில் போட்டதும் வெடித்துத் தெறிக்கும்,
தட்டுப் போட்டு மூட வேண்டும்.
மூடினேன்.